அரைவேக்காட்டு கேமும் அடுத்தவன் கணினியும்

உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கும்போதே இலையைப் போட்டு, காசையும் வாங்கிக்கொண்டு, "வெந்துகிட்டே இருக்கு, உட்காருங்க சார்" என்று சொல்கிற ஓட்டலில் யாராவது சாப்பிடுவார்களா? கணினி விளையாட்டு உலகத்தில் சாப்பிடுகிறார்கள். லட்சக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். அதற்கு 'எர்லி ஆக்சஸ்' என்று நாகரிகமான பெயர் வேறு!

2013 மார்ச்சில் ஸ்டீம் இணையக் கடை இந்த முறையைத் தொடங்கியது. ஒரு சின்னக் குழு பாதி முடித்த கேமை விற்கலாம், வந்த பணத்தில் மீதியை முடிக்கலாம். இந்த வழியில் பெயர் வாங்கியவற்றில் சர்வைவல் கேம்கள் நிறைய. பசி, தாகம், குளிர், காயம், இருட்டு... இவற்றை எல்லாம் சமாளித்து இன்னும் ஒரு நாள் உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. 'ரஸ்ட்' 2013 டிசம்பரில் இந்த வரிசையில் நுழைந்து 2018 பிப்ரவரியில் வெளியே வந்தது. 'செவன் டேஸ் டு டை' அதே 2013 டிசம்பரில் நுழைந்து 1.0 என்ற எண்ணைத் தொட 2024 ஜூலை ஆனது. 'ப்ராஜெக்ட் ஸாம்பாய்ட்' 2013 நவம்பரில் ஸ்டீமுக்கு வந்தது. 2024 டிசம்பரில் அதன் 42-ஆம் பதிப்பு சோதனைக்கு வந்தபோதும் எர்லி ஆக்சஸ் பலகையைக் கழற்றவில்லை.

முடிக்காமல் விற்பது தப்பா? இல்லை. சின்னக் குழுவிடம் பணம் இருக்காது, விளையாடுபவரிடம் ஆர்வம் இருக்கிறது, இரண்டும் கைகோர்க்கட்டும். தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. முடியாத கேம் எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி 'முடியாமல்' இருப்பதில்லை! வசதியான கணினி வைத்திருப்பவருக்கு அது கொஞ்சம் குறையுள்ள கேம். சாதாரணக் கணினி வைத்திருப்பவருக்கு அது ஒரு கறுப்புத் திரை. விலை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றே.

ப்ராஜெக்ட் ஸாம்பாய்டையே எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் உருவான 'தி இண்டி ஸ்டோன்' என்ற சின்னக் குழுவின் படைப்பு. 1993-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள், அதில் ஒருவர் எத்தனை நாள் பிழைப்பார் என்பது கேம். மேலே இருந்து பார்க்கும் கோணம், பழைய காலப் படம் மாதிரித் தோற்றம். பார்த்தவுடன் "இதுக்கு என்ன பெரிய கணினி வேணும், ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே ஓடுமே" என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கடைப் பக்கத்தின் தேவைப் பட்டியல் 8 ஜிபி ரேமும் தனி கிராபிக்ஸ் கார்டும் கேட்கிறது. காரணம் படத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு பிணமும் எங்கே நடக்கிறது, எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறது, எந்த அலமாரியில் என்ன டப்பா இருக்கிறது என்று எல்லாவற்றையும் கணினி நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இப்போது இதை மூன்று கணினிகளில் நிறுவினால் என்ன ஆகும்?

முதலாவது, 16 ஜிபி ரேமும் தனி கிராபிக்ஸ் கார்டும் உள்ள டெஸ்க்டாப். 'இன்ஸ்டால்' பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது. அதன் சொந்தக்காரர் "சூப்பர் கேம்" என்று எழுதிவிட்டுப் போகிறார்.

இரண்டாவது, இரண்டு கிராபிக்ஸ் சில்லுகள் உள்ள லேப்டாப். ஒன்று பிராசஸரோடு ஒட்டியது, இன்னொன்று தனி. ஸாம்பாய்ட் ஜாவாவில் எழுதப்பட்ட கேம். இது ஒரு கனமான கேம் என்று விண்டோஸுக்குப் புரியாமல் போனால் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று பலவீனமான சில்லிலேயே ஓட்டிவிடும். காசு கொடுத்து வாங்கிய நல்ல கார்டு சும்மா தூங்குகிறது, கேம் நொண்டுகிறது. செட்டிங்ஸுக்குள் புகுந்து இந்த நிரலுக்கு அந்தக் கார்டு என்று கையால் மாற்ற வேண்டும். இது தெரியாதவர் கேமைத் திட்டுவார், தெரிந்தவர் தலையில் அடித்துக்கொள்வார்.

மூன்றாவது, 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். கேமின் கோப்புறையில் ஒரு ஜேசன் கோப்பு இருக்கும். ஜாவா அதிகபட்சம் எவ்வளவு ரேமை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி அதில் உண்டு, 3072 எம்பி என்பது வழக்கமான அளவு. 4 ஜிபியில் விண்டோஸே பாதியைச் சாப்பிட்டுவிட்டால் மீதிக்கு எங்கே போவது? வன்தட்டை ரேம் மாதிரிப் பயன்படுத்தித் தடவித் தடவி ஓடும். எண்ணைக் குறைத்தாலோ கொஞ்ச நேரத்தில் நினைவகம் போதாமல் நின்றுவிடும். திருத்தும்போது ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் கேம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பிறகு பயனர் கோப்புறையில் கேம் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்து, ஆயிரம் வரிகளுக்கு நடுவே எந்த வரியில் உயிர் போனது என்று பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும். சர்வைவல் கேம் என்ற பெயர் பொருத்தம்தான். கேமுக்குள் போகும் முன்பே பிழைப்புப் போராட்டம் ஆரம்பம்!

கோப்பைத் திருத்துவது, டிரைவரை மாற்றுவது, பதிவைப் படிப்பது, எந்த அமைப்பில் உடைகிறது என்று கண்டுபிடித்து எழுதி அனுப்புவது. இந்த வேலைக்கு மென்பொருள் நிறுவனங்களில் தனி ஆள் உண்டு, டெஸ்டர் என்று பெயர், மாதச் சம்பளம் உண்டு. இங்கே அந்த வேலையைச் செய்கிறவரே காசும் கொடுக்கிறார். அதிலும் அதிக வேலை செய்கிறவர் யார்? மிகப் பலவீனமான கணினி வைத்திருப்பவர். அதாவது மிகக் குறைந்த பணம் உள்ளவர்.

"அதுதான் பணத்தைத் திருப்பித் தருகிறார்களே?" என்று ஒரு குரல் கேட்கும். தருகிறார்கள். 2015 ஜூனிலிருந்து ஸ்டீமில் அந்த வசதி உண்டு. வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் காரணம் கேட்காமல் பணம் வாபஸ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடிகாரம் நிரல் திறந்திருக்கும் நேரத்தை எண்ணுகிறது, விளையாடிய நேரத்தை அல்ல. மெனுவில் உட்கார்ந்து நிழலைக் குறைத்து, திரை அளவைக் குறைத்து, மூடித் திறந்து பார்ப்பதும் அந்த 2 மணி நேரத்தில்தான் சேரும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. சர்வைவல் கேமின் பாரம் முதல் நாளில் தெரியாது. முதல் இரண்டு மணி நேரம் வெறும் காடு, கையில் ஒரு கல், ஒரு குச்சி. எந்தக் கணினியும் சமாளிக்கும். இருபதாவது மணி நேரத்தில்தான் வீடு, வேலி, களஞ்சியம் எல்லாம் வரும். 'வால்ஹைம்' கேமை 2021 பிப்ரவரியில் வெளியிட்டபோது அந்த சுவீடன் நாட்டுக் குழுவில் ஐந்தே பேர். தரவிறக்கம் சுமார் 1 ஜிபிதான். அந்தக் காலத்துக்கு அது ஆச்சரியமான சிக்கனம். அதிலும்கூட ஆசை ஆசையாகப் பெரிய கோட்டை கட்டியவர்களுக்கு அந்தக் கோட்டை வாசலிலேயே கேம் திணறியது. ஒவ்வொரு கட்டையும் கணினிக்கு ஒரு கணக்கு. உழைக்க உழைக்க கேம் கனக்கிறது, வாபஸ் உரிமையோ என்றோ காலாவதி ஆகிவிட்டது. பெண் பார்க்கும் நேரத்தில் கொடுத்த பஜ்ஜியை வைத்துக் குடும்பத்தை எடைபோடுவது மாதிரிதான் அந்த 2 மணி நேரமும்.

அப்புறம் அடுத்த குரல்: "ஐந்து பேர் குழு உலகத்தில் இருக்கிற எல்லாக் கணினியிலும் சோதிக்க முடியுமா?" முடியாது. யாரும் கேட்கவும் இல்லை. எதில் சோதித்தோம் என்று சொல்லச் சொல்வதுதான் கோரிக்கை. 'குறைந்தபட்சத் தேவை' என்ற பட்டியலில் ஒரு பிராசஸர் பெயரும் ஒரு ரேம் அளவும் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணினியில் நொடிக்கு எத்தனை படம் ஓடியது? எத்தனை நாள் உலகத்தில் சோதித்தது? எந்தப் பதிப்பில்? ஒரு சொல் கிடையாது. அது தேவைப் பட்டியல் இல்லை, ஆரூடம்.

ஆண்டுகள் ஓடும்போது இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. கேம் முடிவதற்குள் கணினியே முடிந்துவிடுகிறது! 2013-இல் விண்டோஸ் 7 கணினியில் செவன் டேஸ் டு டை வாங்கியவர் 1.0 வரும்வரை அதே கணினியோடு காத்திருந்தால், அதற்கு முன்பே 2024 ஜனவரி 1 அன்று ஸ்டீம் விண்டோஸ் 7-க்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஆப்பிள் 2019 அக்டோபரில் கேட்டலினாவை வெளியிட்டபோது 32-பிட் நிரல்கள் அத்தனையும் மேக்கில் ஒரே நாளில் செல்லாக்காசாயின. அதே 2019-இல் ரஸ்ட் லினக்ஸைக் கைவிட்டது. லினக்ஸில் ஓடும் என்று நம்பி வாங்கியவர்களுக்கு அதைத் தயாரித்த ஃபேஸ்பன்ச் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. கைவிட்டது வருத்தம், ஆனால் கணக்கைத் தீர்த்தது நேர்மை.

நேர்மை இல்லாத கதைகளும் உண்டு. 'ஆர்க்' 2015 ஜூனில் எர்லி ஆக்சஸில் வந்தபோது வலுவான கணினிகளே மூச்சு வாங்கின. அதைச் சரிசெய்து முடிக்கும் முன்பே, 2016 செப்டம்பரில் 'ஸ்கார்ச்ட் எர்த்' என்ற கூடுதல் பகுதியைத் தனி விலைக்கு விற்றார்கள். கேம் முடிந்ததாக அறிவித்தது 2017 ஆகஸ்டில். சோறு வேகவில்லை என்றவரிடம் பாயசத்துக்குத் தனியாகக் காசு கேட்டது போல! 2023 டிசம்பர் 7 அன்று வந்த 'தி டே பிஃபோர்' இதையும் மிஞ்சியது. நான்கே நாளில் நிறுவனத்தை மூடுவதாக அறிவித்தார்கள். வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, கேம் கிடைக்கவில்லை.

இந்தக் கூட்டத்தில் ஸாம்பாய்டைப் பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்டத்தான் வேண்டும். 2011 அக்டோபரில் அந்தக் குழுவினரின் வீட்டில் திருடர்கள் புகுந்து லேப்டாப்புகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். புதிய நிரல் வேறெங்கும் பத்திரமாக இல்லை, பல மாத உழைப்பு போனது. ஏற்கெனவே காசு வாங்கியாயிற்று, அப்படியே ஓடிப்போயிருக்கலாம். ஓடவில்லை. திரும்ப எழுதினார்கள். 42-ஆம் பதிப்பு பழைய சேமிப்புகளை ஏற்காது என்று தெரிந்ததும் அதை எல்லார் தலையிலும் கட்டவில்லை. விருப்பப்பட்டவர் மட்டும் தேர்ந்தெடுக்கும் தனிக் கிளையாக வைத்தார்கள், மற்றவர்களின் 41 அப்படியே ஓடியது.

ஏன் இது பெரிய விஷயம்? அந்த கேமில் செத்தால் செத்ததுதான், பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. அறுபது நாள் பிழைத்த ஒருவனின் உலகம் பிணங்களால் அழிந்தால் அது விளையாட்டு. தானாக வந்து இறங்கிய அப்டேட்டால் அழிந்தால் அது அநியாயம். பலவீனமான கணினிக்காரருக்கு இன்னும் மோசம், நேற்றைய பதிப்பு மட்டுமே அவர் கணினியில் ஓடும். அதைப் பிடுங்கினால் அவர் வாங்கிய பொருளையே பிடுங்கிய மாதிரி.

ஆக, கேட்பது மூன்றே மூன்று. எந்தெந்தக் கணினியில், எந்தப் பதிப்பை, எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தார்கள் என்று கடைப் பக்கத்தில் எழுத வேண்டும். ஓடிக்கொண்டிருந்த பழைய பதிப்பை எப்போதும் தரவிறக்கக் கொடுக்க வேண்டும். தேவைப் பட்டியலை நடுவழியில் உயர்த்தினால், 2 மணி நேரக் கணக்குப் பார்க்காமல் பழைய வாடிக்கையாளருக்குப் பணத்தைத் தர வேண்டும். இதற்குப் பெரிய ஸ்டுடியோ தேவையில்லை. முதல் இரண்டும் ஒரு மாலை வேலை, மூன்றாவதற்குக் கொஞ்சம் மனசாட்சி போதும்.

அதுவரை வாங்குகிறவர்களும் ஒன்று செய்யலாம். "சூப்பர் கேம்" என்று எழுதுகிறவர்கள் அதன் கீழே தங்கள் ரேமையும் கார்டையும் பதிப்பு எண்ணையும் ஒரு வரி சேர்த்து எழுதட்டும். 16 ஜிபிக்காரரின் பாராட்டை நம்பி 4 ஜிபிக்காரர் பர்ஸைத் திறக்கும் கொடுமையாவது குறையும். சோறு வேகும்வரை காத்திருக்கப் பலரும் தயார்தான். ஆனால் யார் வீட்டு அடுப்பில், யார் வீட்டு விறகில் வேகிறது என்பதை மட்டும் இலை போடும் முன்பே சொல்லிவிடட்டும்.