ஏலத்தின் சிலேடை யாருடையது?



நம் போடிநாயக்கனூரில் நகைச்சுவைப் பாட்டு எழுதத் தொடங்கும் எவரும் முதல் நாளிலேயே ஒரு சிலேடையில் கால் இடறுவார். ஏலம் என்பது காய்க்கும் பெயர். விலை கூறி விற்பதற்கும் பெயர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலமும் இவ்வூரிலேயே நடக்கிறது. விலை சரிந்த வாரத்தில், ஏலமே ஏலம் போனதென்று பாட இருவருக்குத் தோன்றினால், ஒருவர் மற்றவரிடம் திருடினார் என்று எப்படிச் சொல்வீர்கள்? அச்சிலேடையை வைத்திருந்தது மொழியல்லவா?

பிரபலமான மெட்டுக்கு மாற்றுப் பாட்டு எழுதுவோர் நிலை இன்னும் நெருக்கடியானது. மெட்டு அசைகளை எண்ணித் தருகிறது. மூலப் பாட்டின் எதுகை சொற்களைக் குறுக்குகிறது. அம்மாதத்து ஊர்க்குறையோ எல்லாருக்கும் ஒன்றே. 2011 நவம்பரில் 'கொலவெறி' வெளிவந்தபின் பிறந்த மாற்றுப் பாட்டுகளை நினைத்துப் பாருங்கள். (அவை எல்லாமே நன்றாயிருந்தன என்று நான் சொல்லமாட்டேன்.)

நாடகாசிரியர் ஆர். ஜி. ஆனந்த், தம் 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தைக் களவாடியே 1956இல் 'நியூ டெல்லி' திரைப்படம் எடுக்கப்பட்டதென்று வழக்காடினார். இரண்டிலும் மாகாணப் பற்றே பேசுபொருள். 1978இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது: பதிப்புரிமை கருத்துக்கு இல்லை, அது சொல்லப்பட்ட விதத்துக்கே உண்டு.

வரிக்கு வரி ஒன்றாயிருந்து, முந்தையவரின் பிழையும் கூடவே வந்திருந்தால் தாராளமாகக் கேள்வி எழுப்புங்கள். சிலேடை மட்டும் ஒன்றெனில், திருடன் என்ற சொல் ஒருவர் பெயரோடு ஒட்டிக்கொண்டால் அடுத்த மேடை அவருக்குக் கிடைக்காது என்பதை எண்ணி, முதலில் இரண்டு பாட்டையும் முழுவதும் கேட்டுவிடுங்கள்.