வாயை மூட வைக்காதீர்கள்!

'பல்லு போனா சொல்லு போச்சு' என்பார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்கள் கதை தலைகீழ். உண்மையைச் சொன்னால் பல்லு போச்சு!

ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. பல் டாக்டரிடம் போகிறார். "எனக்கு எச்.ஐ.வி. இருக்குது" என்று மறைக்காமல் சொல்கிறார். "இங்கே வசதி இல்லே, வேற இடம் பாருங்க" என்று பதில் வருகிறது. எல்லா டாக்டர்களும் இப்படி இல்லை. ஆனால் இப்படியும் நடக்கிறதே!

பல் இடுக்கில் கிருமிகள் எல்லோருக்கும் உண்டு. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் அவற்றை அண்டவிடாமல் காவல் காக்கின்றன. அந்தக் காவல் படைக்கு உத்தரவு போடும் இன்ஸ்பெக்டர்தான் சி.டி.4 அணு. எச்.ஐ.வி. தாக்குவது அந்த இன்ஸ்பெக்டரையே!

ஒரு கன மில்லி மீட்டர் ரத்தத்தில் 500-க்குக் குறையாமல் இருக்க வேண்டிய இந்த அணுக்கள், 200-க்குக் கீழே இறங்கினால் அது எய்ட்ஸ் கட்டம். காவல் தளர்ந்தால் ஈறு ஓரத்தில் சிவப்புக் கோடு விழும். புண், நாற்றம், வலி என்று வளரும். முற்றினால் பல்லைத் தாங்கும் எலும்பையே அரித்துவிடும்.

ஈறில் ரத்தம் வந்தாலே எய்ட்ஸ் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். பெரும்பாலும் அது பல்லில் படியும் அழுக்கின் வேலை!

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனீதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அன்று மருந்து இல்லை, பயம் இருந்தது. 2004 முதல் சர்க்கார் இலவசமாக மருந்து தருகிறது. தவறாமல் சாப்பிட்டால் கிருமி அடங்குகிறது, அணுக்கள் ஏறுகின்றன, கொடிய ஈறு நோய் அபூர்வமாகிறது. இன்னுமா அந்தப் பழைய பயம்?

ஒன்று கேட்கிறோம். தனக்குக் கிருமி இருப்பதே தெரியாதவரும் அதே நாற்காலியில்தானே உட்காருகிறார்? அவரைப் பார்க்கும்போது புதுக் கையுறை மாட்டி, கருவிகளை நீராவியில் சுத்தம் செய்துதானே ஆக வேண்டும்? எல்லோருக்கும் செய்ய வேண்டிய அந்தச் சுத்தமே இவருக்கும் போதும். தனி வசதி எதற்கு?

உண்மை சொன்னவரை விரட்டினால் என்ன ஆகும்? அடுத்தவர் வாயே திறக்க மாட்டார். வியாதி முற்றும். யாருக்கு லாபம்?

எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காக வைத்தியம் மறுப்பது சட்ட விரோதம். 2017-ல் நிறைவேறிய அந்தச் சட்டம் 2018 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது. ஏட்டில் இருந்தால் போதாது. ஆஸ்பத்திரி வாசலிலும் தெரிய வேண்டும்.

"வாயைத் திறங்க" என்று சொல்ல வேண்டியவர் பல் டாக்டர். அவரே நோயாளியின் வாயை மூட வைக்கலாமா?