டிஸ்க் அப்புறம், மாஸ்டர் சிலிண்டர் முதலில்!

பழைய வண்டிக்கு பிரேக் மாத்தணும்னாலே நம்ம பசங்க "டிஸ்க் போடு"ங்கிறாங்க. எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவின் செவர்லே சி-10 பிக்கப்பையே எடுத்துக்கொள்வோம். 1966 மாடல் வரை நான்கு சக்கரமும் டிரம். மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. ஒரு ஹோஸ் வெடித்தால் போதும், பெடல் தரை தட்டும், நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. அப்புறம் ஹேண்ட் பிரேக்தான் கதி! 1967 மாடலில் இரட்டை அறை வந்தது. முன்சக்கர டிஸ்க் 1971-இல்தான். அந்த வரிசைதான் சரி.

1971 மாடலின் பார்ட்ஸைத் தேடிப்பிடித்து முன்னால் மாட்டினால் அங்கே வீலுக்கு ஐந்து போல்ட், பின்னால் பழைய ஆறு. ஒரே ஸ்டெப்னி ரெண்டுக்கும் சேராது! டிரம்முக்கான சிலிண்டரையே வைத்தால் அதிலுள்ள ரெசிடுவல் வால்வு அழுத்தத்தை முழுசா விடாது. பேட் உரசிச் சூடேறும்.

காசு கம்மியா? இரட்டை அறை சிலிண்டர், புது ஹோஸ் வாங்கி, முன்னுக்கும் பின்னுக்கும் லைனைப் பிரித்துவிட்டு டிரம்மிலேயே ஓட்டுங்கள். டிஸ்க்கை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.