திரையிற் களங்கள் பல! தமிழுக்கு ஒன்றில்லையா?



காரைக்காற் கடைத்தெருவில் ஒரு வணிகரின் கணிப்பொறியைப் பாருங்கள். விற்பனைக் கணக்கு, வரிப்படிவம், வைப்பகப் பக்கம், மின்மடல் எனச் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். "விலைப்பட்டியைத் தமிழில் தரலாகாதா?" என்று கேளுங்கள். "இந்த நெருக்கடியில் தமிழுக்கு இடமேது?" என்பார். இடமில்லையாம்! தமிழ் மண்ணில், தமிழன் கடையில், தமிழன் காசில் வாங்கிய திரையில் தமிழுக்கு இடமில்லையாம்!

நெல் தூற்றும் களத்திலேயே உளுந்தையும் கொட்டிக் கலப்பாரா நம் உழவர்? ஒவ்வொன்றுக்கும் தனிக்களம் அமைப்பார். கணிப்பொறியும் அவ்வாறே ஒரு திரையிற் பல களங்கள் தர வல்லது. ஆங்கிலத்தார் 'விர்ச்சுவல் டெசுக்டாப்' என்பதனை நாம் நிகர்க்களம் என்போம். 1986-இல் சீராக்சு ஆய்வு நடுவத்தார் 'ரூம்சு' என்னும் பெயரில் இதனைச் செய்து காட்டினர். இலினக்சு முகப்புகளில் இது நெடுங்காலமாக உண்டு. 2015-இல் வெளிவந்த விண்டோசு 10 முதல் விண்டோசிலும் உள்ளமைந்தே வருகின்றது. இதற்கெனத் தனிக்காசு கேட்பாரில்லை. விண்டோசு விசையையும் கண்ட்ரோல் விசையையும் அழுத்தியவாறே டி விசையைத் தட்டினால் புதுக்களம் திறக்கும். அவ்விரண்டோடு இட, வல அம்பு விசைகளைத் தட்டினால் களம் விட்டுக் களம் செல்லலாம்.

கணக்குக்கு ஒரு களம், வரிக்கு ஒரு களம், தமிழ் மடலுக்கும் விலைப்பட்டிக்கும் ஒரு களம் என வகுத்துக்கொள்ளுங்கள். வரிப்படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் அவ்வாங்கிலம் அக்களத்தோடு நிற்கட்டும்! உள்ளீட்டு மொழியைச் சாளரந்தோறும் தனித்தனியே நிறுத்தி வைக்கவும் விண்டோசில் வழியுண்டு. ஒன்று மட்டும் தெளிக: களம் பிரிப்பதால் நினைவகம் பெருகாது, திறந்த செயலிகள் யாவும் ஒருங்கே ஓடும். மறைபொருளைக் காக்கும் பூட்டும் அஃதன்று. பெருகுவது ஒழுங்கே. அவ்வொழுங்கினால் 'இடமில்லை' என்னும் சாக்கு ஒழிகின்றது.

எழுதக் கருவியில்லை என்பீரோ? தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு 1999-இலேயே ஏற்றது. கட்டணமின்றிக் கிடைக்கும் இலிப்ரே ஆபிசு தமிழ் முகப்புடனேயே இயங்கும். இத்தனைக்குப் பின்னும் 'அம்மா' என்றெழுத ஆங்கில எழுத்துகளைத் தட்டிக் காத்திருப்பது என்ன மானம்?

1954 நவம்பர் 1-இல் காரைக்காலில் பிரெஞ்சியர் ஆட்சி கைமாறியது. 1965-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கியது. ஆங்கிலத்துக்கும் வழி விட்டது. சட்டம் விட்டது வழி. நாம் விட்டுக்கொடுத்ததோ வீடு! பிரெஞ்சு எழுந்துபோன நாற்காலியில் ஆங்கிலத்தை அமர்த்தியவர் அயலார் மட்டுமோ? நம் கடையின் விலைப்பட்டியை ஆங்கிலத்தில் அடிக்குமாறு எந்த வெள்ளையன் வந்து மிரட்டினான்?

வணிகத் தோழர்களே! அரசைக் குறைகூறுமுன் நம் திரையைத் திருத்துவோம். கொள்ள வருபவள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஏழைத் தாயாயினும், தான் கொடுத்த காசுக்கு என்ன எழுதியிருக்கின்றது என்பதனை அறியும் உரிமை அவளுக்குண்டு. அவ்வுரிமைக்காக நாளைக் காலை கடை திறந்ததும் ஒரு புதுக்களம் திறவுங்கள். முதல் விலைப்பட்டி தமிழில் வரட்டும்!