குளிருக்கு வாய்தா கிடையாது!

சண்டைக்குப் பயந்து ஓடுகிறவன் என்னத்தை எடுத்துக்கொண்டு ஓடுவான்? பிள்ளையைத் தூக்குவான். கம்பளியைத் தேடிக்கொண்டு நிற்பானா?

சிரியா நாட்டில், துருக்கி எல்லையை ஒட்டி இருக்கிறது இட்லிப் மாகாணம். 2019-ம் ஆண்டு டிசம்பரில் அங்கே குண்டுவீச்சு உக்கிரம் ஆனது. 3 மாதத்துக்குள் 9 லட்சம் பேருக்கு மேல் ஊரைக் காலி செய்துவிட்டு ஓடினார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள்.

நடுங்கும் குளிர்காலம் அது. முகாம்களில் இடம் இல்லை. ஆலிவ் தோப்பிலும் ரோட்டு ஓரத்திலும் கூடாரம் போட்டார்கள். கூடாரம் கிடைக்காதவர்கள் திறந்தவெளியில் படுத்தார்கள்.

டீசல் வாங்கக் காசு ஏது? தாய்மார்கள் பிளாஸ்டிக்கை எரித்துப் பிள்ளைகளுக்கு அனல் காட்டினார்கள். புகை மூச்சை அடைத்தது. அடுப்பு கவிழ்ந்தால் கூடாரமே எரிந்தது. பச்சைக் குழந்தைகள் குளிரில் விறைத்து இறந்தன.

ஆம், குண்டுக்குத் தப்பிய உயிரைக் குளிர் குடித்தது!

வாசலில் பூட்டு

உதவி செய்ய ஆள் இல்லாமல் இல்லை. துருக்கியில் இருந்து லாரி லாரியாகக் கம்பளி, தார்ப்பாய், மருந்து, மாவு எல்லாம் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் அப்போது ஐ.நா. லாரி எல்லையைத் தாண்ட பாதுகாப்பு சபை "சரி" சொல்ல வேண்டியிருந்தது.

2014-ல் சிரியாவுக்குள் போக 4 வழிகளை அந்த சபை அனுமதித்தது. 2020 ஜனவரியில் அது 2 ஆனது. அதே ஆண்டு ஜூலையில் பாப் அல்-ஹவா என்ற ஒரே ஒரு வாசல்தான் மிச்சம்.

2022 ஜூலையில் நடந்தது அதைவிடக் கொடுமை. அந்த வாசலை ஓராண்டு திறந்து வைக்கலாம் என்ற தீர்மானத்தை ரஷியா 'வீட்டோ' போட்டுத் தடுத்தது. கடைசியில் கிடைத்தது 6 மாதம்.

அந்தக் கெடு முடிகிற தேதி தெரியுமா? 2023 ஜனவரி 10. நட்ட நடுக் குளிர்காலம்! அதற்கு முதல் நாள்தான் மீண்டும் 6 மாதம் நீட்டித்தார்கள்.

"எங்கள் எல்லைக்குள் எங்களைக் கேட்காமல் வரலாமா?" என்றது அப்போதைய சிரியா அரசு. கேள்வி நியாயமாகவே இருக்கட்டும். பதில் கிடைக்கும் வரை கூடாரத்துக் குழந்தை விறைக்காமல் இருக்குமா?

2024 டிசம்பரில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. பலர் ஊர் திரும்பினார்கள். வீடு இடிந்தவர்களுக்கு அதன் பிறகும் கூடாரமே கதி.

காலண்டர் சொல்லும்

பூகம்பம் சொல்லிக்கொண்டு வராது. குளிர்காலம் அப்படியா? வருஷா வருஷம் தேதி தவறாமல் வருகிறதே!

எந்த நாட்டுச் சண்டையானாலும் சரி, அகதிக்குக் கம்பளியும் எரிபொருளும் பனி விழும் முன்பே போய்ச் சேர வேண்டும். எல்லைக் கதவுக்குக் கெடு வைத்தே தீருவோம் என்றால், குளிர்காலத்தில் முடியாதபடி வைக்க வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?

சபைகள் வாய்தா வாங்கலாம். குளிர் வாங்காது. காலம் கடந்து வரும் கம்பளி, பிணத்தைப் போர்த்தத்தான் உதவும்.