5 நாளில் 10 கோடி பேர் சேர்ந்தது எப்படி?

புதுக்கடை திறந்தால் முதல் நாள் கூட்டம் வரும். ஆனால், 5 நாளில் 10 கோடி பேர் வருவார்களா?

வந்தார்கள்!

2023-ம் ஆண்டு ஜூலை 5-ந்தேதி அமெரிக்காவில் "திரெட்ஸ்" என்ற கைபேசி செயலி தொடங்கப்பட்டது. மனதில் பட்டதை எழுதி, ஊர் உலகத்துடன் பேசுவதற்கான செயலி அது. முதல் 2 மணி நேரத்தில் 20 லட்சம் பேர் சேர்ந்தார்கள். 7 மணி நேரத்தில் அது 1 கோடி ஆனது. 5 நாளில் 10 கோடி!

இது என்ன மாயம்?

பெரிய வீடும் புது அறையும்

மாயம் எதுவும் இல்லை. திரெட்சை தொடங்கியது "மெட்டா" கம்பெனி. "பேஸ்புக்", "வாட்ஸ்அப்", "இன்ஸ்டாகிராம்" எல்லாம் அதற்கே சொந்தம். இன்ஸ்டாகிராமில் ஏற்கனவே 100 கோடி பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்கள் பழைய கணக்கை வைத்தே திரெட்சுக்குள் போகலாம். அங்கே பழகியவர்களை இங்கேயும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரிய வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு அறை கட்டி, நடுவில் கதவு வைத்தது போலத்தான்!

ஊர் இரண்டுபட்டால்...

நேரமும் கூடிவந்தது. இதே வேலையை செய்துவந்த "டுவிட்டர்" செயலியை 2022-ல் கோடீசுவரர் எலான் மஸ்க் வாங்கினார். 2023 ஜூலை 1-ந்தேதி, "பணம் கட்டி முத்திரை பெறாதவர்கள் நாள் ஒன்றுக்கு 600 பதிவுகளைத்தான் படிக்கலாம்" என்று கட்டுப்பாடு போட்டார். பலருக்கு கோபம். நாலே நாளில் திரெட்ஸ் கடை திறந்தது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்கு கொண்டாட்டம்தானே!

தங்கினார்களா?

சில வாரங்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை காணோம்! வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கலைந்துவிட்டது. வசதிகளை ஒவ்வொன்றாக சேர்த்த பிறகுதான் மீண்டும் ஆட்கள் பெருகினார்கள்.

நம் நாட்டிலும் இந்த கதை உண்டு. பெங்களூரில் தொடங்கிய "கூ" செயலிக்கு 2021-ல் மத்திய மந்திரிகள் வந்தார்கள். பின்னால் கூட்டமும் வந்தது. ஆனால், 2024 ஜூலையில் அது மூடப்பட்டது. 2025 செப்டம்பரில், தமிழ்நாட்டின் "ஜோகோ" கம்பெனி நடத்தும் "அரட்டை" செயலிக்கு யோகம் அடித்தது. நாள் ஒன்றுக்கு 3 ஆயிரம் பேர் சேர்ந்த இடத்தில், 3 நாளில் அது 3½ லட்சம் ஆனதாக ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார்.

கூட்டத்தை கூட்டிவிடலாம். தங்க வைப்பதுதான் கடினம். மாமா, சித்தி, பள்ளித் தோழி எங்கே இருக்கிறார்களோ, அங்கேதான் நாமும் இருப்போம்.

அதனால்தான் பல புதிய செயலிகள், உங்கள் கைபேசியில் உள்ள எண்களை எல்லாம் கேட்கின்றன. "சரி" என்று தட்டினால், போவது உங்கள் எண் மட்டும் அல்ல, உறவினர்களின் எண்களும்தான்!

வெளியே வர வழி உண்டா?

இன்னொன்றையும் கவனியுங்கள். திரெட்ஸ் கணக்கு வேண்டாம் என்று நினைத்தவர்கள், ஆரம்பத்தில் அதை மட்டும் அழிக்க முடியவில்லை. இன்ஸ்டாகிராம் கணக்கையும் சேர்த்தே அழிக்க வேண்டி இருந்தது. அறை பிடிக்கவில்லை என்றால் வீட்டையே காலி செய்ய வேண்டும்! 2023 நவம்பரில்தான் இது மாறியது.

ஆகவே, "கோடிப்பேர் சேர்ந்துவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். என்ன கேட்கிறார்கள், வெளியே வர வழி எது என்று பாருங்கள். வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். பிறகு சேருவதா, வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.