மூன்று வார இருமல்

எங்கள் தெருவில் வைத்திய விஷயமாக என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ரத்த அழுத்தம், மூட்டு வலி, நீரிழிவு ஆகியவற்றைப் பற்றிக் கேட்கிறவர்கள் பட்டப் பகலில் திண்ணையில் உட்கார்ந்து, நாலு பேர் காதில் விழும்படியே பேசுவார்கள். சர்க்கரை வியாதி இருப்பதை ஒரு கௌரவப் பட்டம்போலச் சொல்லிக்கொள்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு ரகத்தார் விளக்கு வைத்த பிறகு வருவார்கள். வந்ததும் கதவைச் சாத்துவார்கள். "ஒன்றுமில்லை ஸார், ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். கேட்க வந்தது காச நோயைப் பற்றி என்று அப்போதே எனக்கு விளங்கிவிடும். நான் வைத்தியன் அல்லன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான பாடம் நடத்துகிற உபாத்தியாயன். ஆயினும், டாக்டரிடம் போகுமுன் வாத்தியாரைக் கேட்டுப் பார்ப்போம் என்னும் வழக்கம் நம்மவர்களை விட்டு இன்னும் போகவில்லை.

சென்ற ஐப்பசியில் அப்படி வந்தவர் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவர். அவருடைய மகளுக்கு 22 வயது. மூன்று வாரமாக இருமல். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடுகிறது. இரவில் வேர்த்துத் தலையணை நனைகிறது. புதிதாகத் தைத்த ரவிக்கைகள்கூடத் தொளதொளத்துப் போய்விட்டன. தை மாதத்தில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது.

"ஆஸ்பத்திரி வாசலில் சம்பந்தி வீட்டார் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது ஸார்? மருந்துக் கடையிலேயே கேட்டு வாங்கும்படி நல்ல டானிக்காக ஒன்று சொல்லுங்களேன்" என்றார்.

அன்று இரவு அவருக்கு நான் சொன்னவற்றைத்தான், சற்று விரித்து, இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

இருமலில் நூறு விதம் உண்டு. மழைக்கால ஜலதோஷத்தோடு வருகிற இருமல் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். புகை, தூசி, ஆஸ்த்மா இவற்றாலும் இருமல் வரலாம். ஆகவே இருமுகிறவர்களெல்லாம் காச நோயாளிகள் அல்லர். ஆனால் இரண்டு வாரம் கடந்தும் இருமல் விடவில்லையென்றால், யூகம் செய்துகொண்டிராமல் சளியைப் பரிசோதித்துவிட வேண்டும் என்பது இன்றைய வைத்திய விதி. மாலை ஜுரம், இரவு வேர்வை, பசியின்மை, உடல் மெலிவு, மார்பு வலி இவையும் சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கோழையில் ரத்தம் வந்தால்தான் காசம் என்று நம் சினிமாக்காரர்கள் கற்பித்து வைத்திருக்கிறார்கள். கதாநாயகனின் கைக்குட்டையில் சிவப்பாக ஒரு துளி தெரியும். உடனே வீணை சோகமாக ஒலிக்கும். உண்மையில் அநேகருக்கு ரத்தம் வருவதே இல்லை. அதற்காகக் காத்திருந்து காலத்தைப் போக்கியவர்கள் பலர்.

பரிசோதனை எளிது. சளி என்றால் வாயிலுள்ள எச்சில் அல்ல. ஆழ்ந்து மூச்சிழுத்து, மார்பிலிருந்து இருமிக் கொண்டுவருவது. அதிகாலையில் எழுந்தவுடன் எடுப்பது சிலாக்கியம். ஜன்னல் திறந்த இடத்தில், அல்லது கொல்லைப்புறத்தில், மற்றவர்கள் அருகில் இல்லாதபோது எடுக்க வேண்டும். முன்பெல்லாம் பூதக்கண்ணாடியின் கீழ் கிருமியைத் தேடினார்கள். இப்போது கிருமியின் வித்தை நேரே கண்டறிந்து, முக்கியமான மருந்து ஒன்று அதனிடம் பலிக்குமா பலிக்காதா என்பதையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிற யந்திரம் வந்திருக்கிறது. மார்பை எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பதும் உண்டு. மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் சிலவகை மாத்திரைகள் இந்தக் கிருமியைச் சற்றே மயங்க வைத்துப் பரிசோதனையில் அகப்படாமல் செய்துவிடும். ஆடாதோடைக் கஷாயம் கோழையை இளக்கக்கூடும். என் பாட்டி காய்ச்சித் தந்து நானும் குடித்திருக்கிறேன். ஆனால் காசக் கிருமியைக் கொல்ல அதனால் ஆகாது.

நிற்க. இந்த நோய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு ரகசியம்? பரம்பரை வியாதி, பூர்வ கர்மம், கெட்ட சகவாசம் என்றெல்லாம் நம் முன்னோர்கள் காரணம் சொல்லி வந்தார்கள். ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1882-ஆம் வருஷம் மார்ச் 24-ந் தேதி பெர்லின் நகரத்தில் விஞ்ஞானிகளின் சபையில் எழுந்து, இதற்குக் காரணம் ஒரு கிருமிதான் என்று நிரூபித்துக் காட்டினார். நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படுகிற நுண்ணிய துளிகள் காற்றில் மிதக்கின்றன. அவற்றைச் சுவாசிக்கிறவருக்குத் தொற்றுகிறது. தட்டு, தம்ளர், துணிமணி, தொட்டுப் பேசுதல் இவற்றால் தொற்றுவதில்லை. தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்துவிட்டு, ஜன்னலை மட்டும் 'பனி படும்' என்று இறுக்கிச் சாத்துகிற வீடுகளை நான் அறிவேன். செய்ய வேண்டியதற்கு நேர் விரோதம் இது. ஜன்னலைத் திறந்து, இருமும்போது வாயை மூடிக்கொண்டால், தட்டு எதுவாயிருந்தாலும் பாதகமில்லை.

கிருமி உள்ளே புகுந்த அனைவரும் நோயாளிகள் ஆகிவிடுவதுமில்லை. உலகில் ஏறக்குறைய நாலில் ஒருவர் உடலில் அது உறங்கிக்கொண்டிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறும். போஷாக்குக் குறைவு, நீரிழிவு, புகையிலை, எச்.ஐ.வி. முதலியவை அந்த உறக்கத்தைக் கலைப்பவை. திண்ணையில் பெருமையாகப் பேசப்படும் சர்க்கரை வியாதிக்கும் கதவைச் சாத்திக்கொண்டு பேசப்படும் காசத்துக்கும் இப்படி ஓர் உறவு உண்டு என்பதைப் பலர் அறியார்.

ஏழைகளின் நோய் என்று சொல்லி ஒதுங்குவதும் பொருந்தாது. ஜவாஹர்லால் நேருவின் மனைவி கமலா நேரு ஸ்விட்ஜர்லாந்துவரை சென்று சிகிச்சை பெற்றும் 1936-ல் இந்நோயால்தான் காலமானார். 1948-ல் புதுமைப்பித்தனையும் இதற்கே பறிகொடுத்தோம். அக்காலத்தில் வசதியுள்ளவர்களுக்கு இருந்த வழி ஆரோக்கிய விடுதிதான்: சுத்தமான காற்று, பால், முட்டை, படுக்கை, வருஷக் கணக்கில் ஓய்வு. டாக்டர் சௌரி முத்து 1928-ல் தாம்பரத்தில் அத்தகைய விடுதியொன்றை ஏற்படுத்தினார். ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகளின் தொகைக்கு விடுதிப் படுக்கைகள் எந்த மூலைக்குக் காணும்?

இந்த இடத்தில் நம் சென்னைப் பட்டணம் உலகத்துக்கே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. அதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது சந்தேகமே. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-ல் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. புது மருந்துகள் அப்போதுதான் வந்திருந்தன. விடுதியும் ஓய்வும் பாலும் இல்லாமல் மருந்தினால் மட்டும் காசம் குணமாகுமா என்பதே கேள்வி. நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியார் விடுதியில் நல்ல ஆகாரத்துடனும் தாதிகளின் பராமரிப்புடனும் இருந்தார்கள். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் குடிசைகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும் வழக்கமான கஞ்சியுடனும் கவலையுடனும் இருந்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்கள் விடுதியிலிருந்தவர்களுக்குச் சற்றேறக்குறைய சமமாகவே குணமடைந்திருந்தார்கள். விடுதிக்காரர்களின் எடைதான் அதிகம் கூடியிருந்தது. இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. ஒரே அறையில் நோயாளியுடன் உண்டு உறங்கிய மனைவி மக்களைப் பின்னால் ஐந்து வருஷம்வரை கவனித்துப் பார்த்தார்கள். விடுதிக்கு அனுப்பப்பட்டவர்களின் குடும்பத்தாரைக் காட்டிலும் அவர்களுக்கு நோய் அதிகமாக வரவில்லை. மருந்து உள்ளே போக ஆரம்பித்த சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்பதே இதற்குக் காரணம். மற்றவர்களுக்கு ஆபத்தெல்லாம் வைத்தியத்துக்கு முந்திய நாட்களில்தான். நம் கணக்கெழுதும் நண்பர் மூன்று வாரமாக மறைத்து வைத்திருந்தாரே, அந்த நாட்களில்!

சேத்துப்பட்டு ஆராய்ச்சிக்காரர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். வீட்டில் மருந்து கொடுத்தனுப்பினால் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தும், சிறுநீரைப் பரிசோதித்தும் இதைத் தெரிந்துகொண்டார்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து கண்ணெதிரே விழுங்கச் செய்யும் முறை பிற்பாடு உலகெங்கும் பரவியதற்குச் சென்னையில் நடந்த ஆராய்ச்சிகளும் ஒரு காரணம்.

ஏன் அவ்வளவு கண்டிப்பு என்றால், காசக் கிருமி ஒரு சோம்பேறி. சாதாரணக் குடல் கிருமி 20 நிமிஷத்தில் ஒன்று இரண்டாகும்; இதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். சில கிருமிகள் மாதக் கணக்கில் அசையாமலே கிடக்கும். மருந்தோ பெரும்பாலும் விழித்திருக்கும் கிருமியைத்தான் கொல்லும். ஆகையால்தான் வைத்தியம் ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்தும், பிறகு நான்கு மாதம் அவற்றில் மூன்றும். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நிற்கும், பசி எடுக்கும், கன்னத்தில் சதை போடும். உண்மையான அபாயம் அப்போதுதான் ஆரம்பம்.

இதை நான் புஸ்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் சித்தப்பா மகன் ஒருவன் பல வருஷங்களுக்கு முன் இந்நோய்க்கு மருந்து சாப்பிட்டான். மூன்றாம் மாதம் ஆள் தேறிவிட்டான். "அண்ணா, மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது. உடம்புதான் நன்றாயிருக்கிறதே, நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டான். பி.எஸ்ஸி. படித்த நான், "வயிற்றைக் கெடுத்துக்கொள்வானேன்? சிறிது நாள் விட்டுப் பார்" என்றேன். மறு வருஷம் இருமல் திரும்பியது. இந்தத் தடவை கிருமிக்குப் பழைய மருந்துகள் பலிக்கவில்லை. இரண்டு வருஷ வைத்தியம். அதில் மாதக் கணக்கில் ஊசி. பிழைத்தான். ஆனால் அந்த ஊசி மருந்து அவன் காதைக் கொண்டு போயிற்று. மார்கழி பஜனையில் தாளம் தப்பாமல் கூடப் பாடினவன், இப்போது நான் பேசினால் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் சொன்ன யோசனையை அவன் ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. இப்போது அத்தகையவர்களுக்கும் ஊசியின்றி மாத்திரையாலேயே வைத்தியம் செய்யும் முறை வந்துவிட்டது. அவனுக்கு அது காலம் கடந்து வந்தது.

ஆகையால் குமட்டல் உண்டானால் மருந்தை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ஒரு மருந்தின் நிறம், பயமில்லை. கண் மஞ்சளித்தாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும், பார்வை மங்கினாலும், கை கால் மரத்தாலும் அன்றே போய்க் காட்ட வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பரிசோதனையும் மருந்தும் இனாம். வைத்திய காலத்தில் ஆகாரத்துக்காக மாதம் 500 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2018-ல் வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய்.

ஆகாரம் என்றதும் ஒரு விஷயம். ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் தானியமும் பருப்பும் கொடுத்து ஆராய்ந்தார்கள். 2023-ல் வெளியான முடிவின்படி, அவ்வீடுகளில் மற்றவர்களுக்குப் புதிதாக நோய் காண்பது நூற்றுக்கு ஏறக்குறைய 40 பங்கு குறைந்தது. பருப்புக்கு இவ்வளவு சக்தி! குழந்தை பிறந்ததும் போடுகிற பி.சி.ஜி. குத்தல் மூளையைத் தாக்கும் கடுமையான காசத்திலிருந்து சிசுக்களைக் காக்கும். பெரியவர்களின் மார்புக் காசத்தை அது தடுக்கவில்லை என்று 1968-ல் செங்கற்பட்டு ஜில்லாவில் தொடங்கிய பெரிய ஆராய்ச்சி தெரிவித்தது. ஆகவே ஊசி போட்டாயிற்று என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. நோயாளியின் வீட்டிலுள்ளவர்களை, முக்கியமாகக் குழந்தைகளை, டாக்டர் பார்த்து, வேண்டுமானால் முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுப்பார்.

கணக்கெழுதும் நண்பர் மறு திங்கட்கிழமையே மகளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சளியில் கிருமி இருந்தது. மருந்துகளெல்லாம் பலிக்கக்கூடிய கிருமி என்பது ஓர் ஆறுதல். கல்யாணப் பேச்சை என்ன செய்வது என்று அவர் மனைவி அழுதாள். பெண்தான், "அப்பா, சொல்லிவிடுங்கள். பிற்பாடு தெரிந்தால் அதைவிட அவமானம் வேறில்லை" என்றாள். நானும் கூடப் போனேன். பிள்ளையின் தகப்பனாரிடம் நோயின் விவரத்தையும் ஆறு மாதக் கணக்கையும் சொல்லி, முகூர்த்தத்தை வைகாசிக்குத் தள்ளிவைக்கக் கேட்டுக்கொண்டோம். அவர் எங்களுக்குக் காப்பி கொடுத்தார். "வீட்டில் கலந்து பேசிச் சொல்லுகிறேன்" என்றார். இன்னும் பதில் வரவில்லை. பெண் ஐந்து கிலோ கூடியிருக்கிறாள். அடுக்களைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் மாத்திரை சாப்பிட்டதும் தினம் ஒரு கோடு கிழிக்கிறாள். இப்போது நாலாம் மாதம் நடக்கிறது.